சாளை குறையக் குறைய எரிந்த விளக்கு

சானல் பாலத்தின் மேல் ஒரு விளக்கு எரிகிறது, சுண்டைக்காய் அளவு பல்பு, அதிலிருந்து இரண்டு வயர்கள், ஒன்று மோட்டார் சைக்கிளின் இரும்புச் சட்டத்தைக் கவ்வியிருக்கிறது, இன்னொன்றின் முனை என் கையில், சுற்றிலும் பத்துப் பதினைந்து பேர் குனிந்து அந்த பல்பையே பார்க்கிறார்கள், எல்லோர் கையிலும் மீன், சட்டியில், ஓலைப்பெட்டியில், கிழித்த வாழையிலையில், காலை வெயில் நேராக விழுவதால் விளக்கு எரிகிறதா அணைந்திருக்கிறதா என்று தெரியாமல் யாரோ ஒருவர் குடையை விரித்து அதற்கு மட்டும் நிழல் பிடிக்கிறார், குடைக்கு வெளியே எங்கள் தலைகள் எல்லாம் காய்கின்றன. இப்படித்தான் எனக்கு ஞாபகம், சரியாகத்தான் ஞாபகம் வைத்திருக்கிறேனா என்று கேட்டால் சத்தியம் செய்யமாட்டேன், நடந்து பதினெட்டு வருடம் ஆகிறது, குடை பிடித்தவர் சில நாட்களில் பொன்னையன் அண்ணாச்சியாகத் தெரிகிறார், ஆனால் அவர் அன்று என் வண்டி ரிப்பேர் கடைக்குப் பக்கத்தில் தன் டீக்கடையில்தான் இருந்தார், வந்திருக்கவே முடியாது, சில நாட்களில் வெயிலே இல்லை, சானலில் தண்ணீர் நுரைத்துப் போகிறது, மழை பெய்கிறது, குடை எங்கள் எல்லோருக்கும் மேலாக விரிகிறது. பெட்டியில் இருந்தது சாளை என்று நான் சொல்கிறேன், ஜெசிந்தா அயிலை என்கிறாள், மீன் அவளுடையது என்பதால் அவள் சொல்வது சரியாக இருக்கலாம், ஆனாலும் அந்த விளக்கைச் சுற்றி நான் பார்ப்பது சிறிய மீன்கள்தான், வெள்ளி முதுகில் பச்சை ஓடும் சாளை, ஒவ்வொன்றாகக் குறைகிறது, குறையக் குறைய வெளிச்சம் கூடுகிறது.

ஜெசிந்தா முதலில் கடைக்கு வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. குளச்சலுக்குக் கிழக்கே ஒரு கடற்கரை ஊரிலிருந்து தினமும் காலையில் மீன் எடுத்து, மோட்டார் சைக்கிளின் பின்னால் பெரிய பெட்டியில் ஐஸ் போட்டுக் கட்டி, கடலை விட்டு உள்ளே தள்ளிய ஊர்களில் வீடு வீடாக விற்கிறவள், முப்பது வயதிருக்கும், கல்யாணம் ஆகவில்லை, வீட்டில் அம்மா மட்டும், வண்டி அவளுடைய அண்ணன் கிளீட்டஸுடையது. இதெல்லாம் அன்றே எனக்குத் தெரிந்துவிட்டது, நான் கேட்கவில்லை, நான் கேட்கிற ஆள் இல்லை, வயர்களோடு உட்கார்ந்து உட்கார்ந்து ஒரு கேள்விக்கும் அடுத்த கேள்விக்கும் நடுவில் ஒரு டீ குடிக்கிற நேரம் எடுத்துக்கொள்கிறவனாக ஆகியிருந்தேன், அவளோ ஒரு இடைவெளியைக் கண்டால் அதை நிரப்பாமல் இருக்க முடியாதவள். என்ன செய்யுது வண்டி என்றேன். நிக்குது என்றாள். எப்போ? அதுக்குத் தோணும்போ. எங்க? அதுக்குப் பிடிச்ச எடத்துல. நின்னா உடனே எடுக்குமா? எடுக்கும், எடுக்காது, எனக்க அண்ணன் மாதிரி. நான் சாவியைத் திருப்பி ஸ்டார்ட்டர் பட்டனைத் தொட்டேன், தொடுவதற்கு முன்பே கிளம்பிவிட்டது போல வண்டி கிளம்பியது, ஒரே சீரான சத்தம், மாதாவே என்று அவள் நெஞ்சில் கை வைத்தாள், நான் பொய்யா சொல்லுதேன்னு நெனைப்பிய, நேத்தைக்கு நாலு எடத்துல நின்னுது. வண்டி பளபளவென்று கழுவியிருந்தது, சக்கரக் கம்பிகளில்கூட அழுக்கில்லை, சோப்பு வாசனை வந்தது, மீன் விற்கிற வண்டி என்று அவள் சொன்னால்தான் தெரியும், பின்னால் பெட்டி வைக்கிற இரும்பு ஸ்டாண்டு மட்டும் வெறுமையாக நின்றது.

இரண்டாவது வெள்ளிக்கிழமை, மூன்றாவது வெள்ளிக்கிழமை, இவை எனக்குள் ஒன்றாகக் கலந்துவிட்டன, எந்த வாரம் பிளக் மாற்றினேன், எந்த வாரம் சாக்கெட்டுகளைக் கழற்றித் துடைத்தேன், எந்த வாரம் சீட்டைக் கழற்றி அடியில் போகும் வயர் கட்டை முழங்கை நீளத்துக்கு விரலால் தடவித் தடவிப் பார்த்தேன், தெரியவில்லை, தடவிய விரல்களுக்கு மட்டும் ஞாபகம் இருக்கிறது, உறையில் ஒரு கீறல் இல்லை, வெட்டு இல்லை, உருகல் இல்லை. ஒவ்வொரு முறையும் அவள் போவாள், அடுத்த வெள்ளிக்கிழமை அதே போல் கழுவிய வண்டியோடு வருவாள், இந்த வாரமும் நின்னுது மெக்கானிக்கே, வண்டியோ என் முன்னால் ஒரே தொடலில் கிளம்பும். பொன்னையன் அண்ணாச்சி டீ ஆற்றிக்கொண்டே சொன்னார், எடே, அவளுக்க வண்டிக்கு ஒரு கேடும் இல்ல, உனக்க கடை முன்னால வந்து இருந்து ரேடியோவில பாட்டு கேக்கணும்னு ஆசை, அதாக்கும் நோய். ஜெசிந்தா திரும்பினாள், அண்ணாச்சி, நீரு என்ன வேணும்னாலும் சொல்லும், உம்ம டீயைக் குடிக்க ஆசைப்பட்டு வந்தேம்னு மட்டும் சொல்லிராதீரும், ஊருக்குள்ள எனக்கு ஒரு மரியாதை இருக்கு. அண்ணாச்சிக்குச் சிரிப்பில் டீ கையில் கொட்டிவிட்டது, நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன், அவள் மட்டும் சிரிப்பை நிறுத்திவிட்டு என் பக்கம் குனிந்து, மெதுவாக, மற்ற நேரத்தில் அவளிடம் இல்லாத குரலில் சொன்னாள், அடுத்த வாரம் சனிக்கிழமைக்குள்ள சரியாகலேன்னா கிளீட்டஸ் இத வித்துருவான், நாகர்கோவில்ல ஆள் சொல்லி வச்சாச்சு, வண்டி போனா எனக்குத் திரும்ப எறால் கம்பெனிதான், ஐஸ் தண்ணியில நின்னு தோலு உரிக்கணும், விரல் பத்தும் வெளுத்து உப்பிப் போவும், மூணு வருசம் உரிச்சவளாக்கும், இனியும் உரிக்கச் சொன்னா செத்துப்போவேன், சாவேன்னு சும்மா சொல்லுதேன், சாவமாட்டேன், உரிப்பேன், அதுதான் சங்கடம். கையை நீட்டிக் காட்டினாள், அந்த வேலையை விட்ட பிறகும் நகங்களின் ஓரம் இன்னும் வெளுத்துத்தான் இருந்தது.

அன்றைய தூக்கத்தில் நான் அந்த வயருக்குள் போகிறேன், சிவப்பு உறைக்குள் ஒரு நீண்ட சானல், செம்புத் தண்ணீர் ஓடுகிறது, எங்கோ தண்ணீர் நிற்கிறது, போய்ப் பார்த்தால் ஓடுகிறது, திரும்பினால் நிற்கிறது, நான் வருவது தெரிந்து ஓடுகிறதா என்று குனிந்து கேட்கிறேன், தண்ணீர் சோப்பு வாசனையோடு இருக்கிறது, அந்த வாசனையில்தான் விழித்தேன், விழித்ததும் கடைச் சுவரில் தொங்குகிற தினக் காலண்டர் கண்ணுக்குள் வந்தது, வெள்ளி, வெள்ளி, வெள்ளி. காலையில் கடைக்குப் போகாமல் நேராக அவள் மீன் விற்கிற வழியில் போய் நின்றேன், இல்லை, போய் நின்றது திங்கட்கிழமை, நடுவில் இரண்டு நாள் யோசித்திருக்கிறேன், என் வழக்கம் அது. வண்டியை ஓரமாக நிறுத்தினாள், ஏன் எப்பவும் வெள்ளிக்கிழமை மட்டும் வாறிய என்று கேட்டேன். இது என்ன கேள்வி, அன்னைக்கு உங்க ஊர்க்காரங்க மீனு தொடமாட்டாங்கல்லா, கோயிலுக்குப் போவாங்க, எனக்கு அதாக்கும் லீவு. பெட்டி எங்க அன்னைக்கு? கழத்தி வீட்டுல வச்சிருப்பேன். ஏன்? அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள், உங்க கடைக்கு எதிர்க்க இசக்கியம்மன் கோயில், பக்கத்துல டீக்கடை, நாலு மனுசர் இருக்கப்பட்ட எடத்துக்கு நாத்தத்தக் கொண்டு வருவாவளா, ஒரு நாளு மீன் கடவத்தோட பஸ்ஸுல ஏறுனதுக்கு வழியில எறக்கி விட்டாங்க, அத்தோடதான் வண்டி படிச்சேன், உங்க கடைக்கு வாறதுக்கு முன்ன வியாழக்கிழமை சாயங்காலம் ரெண்டு தடவ சோப்புப் போட்டுக் கழுவுவேன், அது உங்களுக்கு நான் தாற மரியாதை. இப்போதும் அவள் பின்னால் பெட்டி நிறைய இருந்தது, நெத்தலியோ என்னவோ, ஐஸ் தண்ணீர் சொட்டியது, பூனை ஒன்று சாலையோரத்தில் நின்று எங்கள் பேச்சு முடியக் காத்திருந்தது, நான் வாயைத் திறந்து அந்த மாதத்திலேயே நீளமான வாக்கியத்தைச் சொன்னேன், நீங்க எனக்குக் காட்டினது வெள்ளிக்கிழமை வண்டி, அதுக்கு ஒரு நோயும் இல்ல, நோய் உள்ள வண்டி மீதி நாளுல ஓடுதது, அத நான் இன்னும் பாக்கவே இல்ல, புதன்கிழமை நான் உங்க பொறத்தால வாறேன்.

புதன்கிழமை விடிந்தபோது நான் கடற்கரையில் இருந்தேன், என் பழைய மொபெட்டின் முன்கூடையில் டெஸ்ட் விளக்கு, கத்தி, ஒரு சுருள் வயர், ஏலத்தின் கூச்சலில் என் காது நிறைகிறது, அவள் மீனைப் பெட்டியில் அடுக்குகிறாள், ஒரு வரிசை மீன், ஒரு வரிசை ஐஸ், மறுபடி மீன், நான்கு பேர் தூக்கி ஸ்டாண்டில் வைக்கும்போது வண்டி ஒரு முனகலோடு அமர்கிறது, அந்த முனகலை நான் கேட்டேன், கேட்டும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அவள் முன்னால், நான் பின்னால், ஊர் முழுக்க எங்களைப் பார்த்தது, ஏ ஜெசிந்தா, பொறத்தால ஆரு, பாடிகார்டா என்று வலை காயப்போட்டவர் கேட்டார், வண்டிக்க டாக்டர், நோயாளிக்குப் பின்னால வாறாரு என்று அவள் கத்தினாள், நோயாளி நல்லாத்தான இருக்கா, டாக்டருக்குத்தான் மொகம் சரியில்ல என்றார் அவர். தார் ரோட்டில் வண்டி நன்றாக ஓடியது, தென்னந்தோப்பைத் தாண்டினோம், மரச்சீனிக் கிழங்கு விளையைத் தாண்டினோம், அவள் ஹார்னை இரண்டு குறில் ஒரு நெடிலாக அடித்துக்கொண்டே போனாள், அந்த ஹார்னுக்கு வீடுகளிலிருந்து பெண்கள் சட்டியோடு வருவார்கள். சானல் பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் வண்டியை மெதுவாக்கித் திரும்பி எனக்குச் சைகை காட்டினாள், கையைக் கண்ணருகே வைத்து விரித்தாள், பிறகு புரிந்தது, கண்ணு. பாலத்தை ஒட்டிய வீடு தங்கம்மையுடையது, அறுபது வயசு, கனத்த சரீரம், கனத்த குரல், அந்த வீட்டுக்கு முன்னால்தான் வண்டி பாதி நாள் நிற்கிறது என்றும், தங்கம்மைக்கும் பக்கத்து வீடுகளுக்கும் மீன் கொடுத்த பிறகு கிளம்பிவிடுகிறது என்றும், ஆகவே அது அவளுடைய கண் என்றும், கண் இறங்க அவளுக்கு மட்டும் தினமும் இரண்டு மீன் கூடுதலாகப் போடுவதாகவும் ஜெசிந்தா திங்கட்கிழமையே சொல்லியிருந்தாள், தங்கம்மையோ அதைத் தன்மேல் உள்ள பிரியம் என்று எடுத்துக்கொண்டிருந்தாள். பாலத்தின் முதுகில் சக்கரம் ஏறி இறங்கியது, பெட்டி ஒரு குதி குதித்தது, வண்டி நின்றது.

நான் ஓடிப்போய் முதலில் ஹார்னை அழுத்தினேன், சத்தம் இல்லை, நியூட்ரலில் எரிய வேண்டிய பச்சை விளக்கு இல்லை, எனக்குள் ஒரு சந்தோஷம் பொங்கியது, நோய் முகத்தைக் காட்டிவிட்டது. வண்டி நிக்கும்போ ஹார்ன் அடிக்குமா அடிக்காதான்னு நீங்க சொல்லவே இல்லியே என்றேன், ஆரு அடிச்சுப் பாத்தா, வண்டி நின்னா எனக்க வாயாக்கும் ஹார்ன் என்றாள், சொன்னதோடு நிற்காமல் இடுப்பில் கை வைத்து, மீனேய், சாளை மீனேய் என்று ஒரு குரல் கொடுத்தாள், சானலுக்கு அக்கரையில் தென்னையிலிருந்து காக்கைகள் கிளம்பின. கோளாறு பெட்ரோலிலும் இல்லை பிளக்கிலும் இல்லை, ஹார்னும் விளக்கும் சேர்ந்தே செத்திருக்கிறது என்றால் பேட்டரியிலிருந்து வரும் கரண்டே நடுவழியில் நின்றிருக்கிறது, டெஸ்ட் விளக்கைப் பேட்டரியில் வைத்தேன், எரிந்தது, சாவிக்குப் போகும் சிவப்பு வயரின் முன் முனையில் வைத்தேன், எரியவில்லை, இந்த இரண்டுக்கும் நடுவில் சீட்டுக்கு அடியிலும் பெட்டி ஸ்டாண்டுக்கு அடியிலுமாக வளைந்து போகும் இரண்டு முழ வயரில் எங்கோ அது ஒளிந்திருக்கிறது, பெட்டி நிறைய மீன், அதைத் தரையில் இறக்க ஆள் இல்லை, இறக்கினால் நாய்கள் இருக்கின்றன, முன் முனையில் விளக்கைப் பிடித்தபடி என்ன செய்வது என்று யோசிக்கத் தொடங்கினேன், நான் யோசிக்கத் தொடங்கினால் நேரமாகும் என்று தெரிந்தவள் போல ஜெசிந்தா பெட்டியைத் திறந்து விற்கத் தொடங்கினாள். பெண்கள் வந்தார்கள், ஒருத்தி போனாள், இன்னொருத்தி வந்தாள், என் தலைக்கு மேல் தங்கம்மையின் குரல், ஏட்டி, ரெண்டு கூட போடு. போட்டாச்சு, போவும். இது எண்ணிக்கைக்குல்லா போட்டிருக்க, இதுல தலை மட்டுந்தான் இருக்கு. மீனுன்னா தலை இருக்கும் பெரியம்மே. அப்பம் எனக்கு வேண்டாம், நீயே கறி வச்சுக்க. சட்டியைக் கவிழ்த்து மீனையெல்லாம் பெட்டிக்குள் கொட்டிவிட்டு அவள் திரும்பி நடந்தாள், அப்போதுதான் என் கையிலிருந்த விளக்கு அணைந்தது, அணைந்த பிறகுதான் அதற்கு முன் அது எரிந்துகொண்டிருந்தது என்பதே எனக்குத் தெரிந்தது. ஜெசிந்தா விடவில்லை, வாரும் பெரியம்மே, ரெண்டு இல்ல, மூணு கூட போடுதேன், கோவிச்சிட்டுப் போனா எனக்கு ராத்திரி சோறு எறங்காது, தங்கம்மை திரும்பி வந்து சட்டியை நீட்ட, மீன் சட்டிக்குப் போக, விளக்கு மங்கலாக, சிவப்பாக, எரிந்தது.

அம்மா, அந்த மீனைத் திரும்பப் பெட்டியில போடுங்க என்றேன். தங்கம்மை என்னை மேலும் கீழும் பார்த்தாள், நீ ஆருடே, எனக்க மீனப் போடச் சொல்லுததுக்கு? ஒரே ஒரு தடவ. அவள் என்ன நினைத்தாளோ போட்டாள், விளக்கு அணைந்தது, இப்பம் எடுங்க, எடுத்தாள், எரிந்தது, போடுங்க, அணைந்தது, ஜெசிந்தாவும் குனிந்துவிட்டாள், பக்கத்தில் நின்ற பெண்களும் குனிந்தார்கள், சைக்கிளில் வந்தவர் இறங்கினார், ஒருவர் கேட்டார், அப்பம் நான் ஒரு ரெண்டு கிலோ எடுத்தா? எடுத்தார், விளக்கு இன்னும் கொஞ்சம் வெளுத்தது, ஏ, கூடுது, கூடுது, எனக்கும் ஒரு கிலோ போடு பிள்ளே, எனக்கு மூணு, வெயில்ல தெரியல்லடே, குடைய விரி, ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் மீன் வாங்குகிற வீட்டுக்காரர்கூட அன்று புதன்கிழமை என்பதை மறந்து வாங்கினார், விளக்கு எவ்வளவு தூரம் போகும் என்று பார்க்க அவருக்கு ஆசை. ஜெசிந்தாவின் கை நிற்கவில்லை, அவள் மீன் அள்ளுகிறாள், என்னைப் பார்க்கிறாள், விளக்கைப் பார்க்கிறாள், கண்களில் ஐஸ் தண்ணீரா என்னவோ மினுங்குகிறது, பெட்டி பாதிக்குக் கீழே இறங்கியபோது விளக்கு முழு வெளிச்சத்தில் அசையாமல் நின்றது, ஹார்ன அடிங்க என்றேன், அவள் அடித்தாள், அவ்வளவு பக்கத்தில் இருந்து அதைக் கேட்டதில்லை போல எல்லோரும் ஓரடி பின்னால் துள்ளினார்கள்.

ஸ்டாண்டின் கால் சட்டத்தில் உட்காரும் இடத்தில்தான் அந்த வயர் வளைந்து போனது, பாரம் ஏறினால் ஸ்டாண்டு இறங்கி வயரை இழுக்கும், பாரம் குறைந்தால் விடும், கத்தியால் சிவப்பு உறையைக் கீறிப் பிளந்தேன், வெளியே புதுசு போல் இருந்த உறைக்குள் செம்புக் கம்பிகள் எல்லாம் அறுந்து, உப்புத்தண்ணீர் எப்படியோ ஊறிப்போய்ப் பச்சைப் பொடியாகி, இரண்டு முனைகளும் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு மட்டும் கிடந்தன. வெளியில ஒண்ணுமே தெரியல்லியே மெக்கானிக்கே என்றாள் ஜெசிந்தா, அந்த வெள்ளிக்கிழமைகளில் ஒன்றில் என் விரல் இதே இடத்தைத் தடவித் தாண்டிப் போயிருந்தது. அறுந்ததை வெட்டி எறிந்து, கை நீளத்துக்குத் தாராளமாகப் புது வயர் கொடுத்து முறுக்கி, டேப் சுற்றி, ஸ்டாண்டின் கால் படாத பக்கமாகத் திருப்பிக் கட்டினேன், இனி பாரம் வைத்துப் பார்க்க வேண்டும், பாரமோ வீடு வீடாகப் போய்விட்டது, குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருப்பார்கள், எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள், தங்கம்மை சட்டியைக் கீழே வைத்தாள். நான் இருக்குதேன். பெரியம்மே, பெட்டி மேலயா? ஏன், எனக்க கனம் போராதா? மூன்று பேர் கைகொடுத்து அவளை ஏற்றினார்கள், பெட்டியின் மூடிமேல் கால்களை ஒரு பக்கமாகத் தொங்கவிட்டு, ஜெசிந்தாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, தேரில் ஏறியவள் போல் உட்கார்ந்தாள், வண்டி கிளம்பிற்று, பாலத்தின் முதுகில் ஏறி இறங்கிற்று, குதித்தது, நிற்கவில்லை, திரும்பி வந்தது, மறுபடி ஏறி இறங்கிற்று, ஹார்னை விடாமல் அடித்துக்கொண்டே அவர்கள் போகிறார்கள், வருகிறார்கள், போகிறார்கள், எனக்கு இன்னும் கனவில் அவர்கள் இறங்கவில்லை, தங்கம்மையின் சேலைத் தலைப்பு காற்றில் எழுந்து சானலுக்கு மேல் பறக்கிறது, நிப்பாட்டாதட்டி, இன்னும் ஒரு தடவ என்று கத்துகிறாள்.

சனிக்கிழமை நான் கடற்கரைக்குப் போனது ஜெசிந்தா கூப்பிட்டதால், கிளீட்டஸிட்ட நீங்க ஒரு வார்த்தை சொல்லணும், வண்டி சரியாச்சுன்னு நான் சொன்னா நம்பமாட்டான் என்றிருந்தாள். கிளீட்டஸ் நல்ல மனிதன், உரத்துச் சிரிப்பான், வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு இறங்கி என் முதுகில் தட்டினான், சவம், இப்பிடியாக்கும் வண்டி ஓடணும், நாகர்கோவில் ஆளு இப்பம் வந்துருவாரு, நல்ல வெலை கேக்கலாம். ஜெசிந்தாவின் முகம் அந்த இடத்திலேயே நின்றுவிட்டது, சரியாகலேன்னாத்தான விப்பேன்னு சொன்ன, சரியாச்சுல்லா என்றாள். ஓடாத வண்டிய எவன் வாங்குவான், ஓடுத வண்டியத்தான் வாங்குவான் என்றான் அவன், அதில் தப்பு ஒன்றும் அவனுக்குத் தெரியவில்லை, எனக்கோ தெரிந்தது, நான் போட்ட முடிச்சில்தான் வண்டி விலைக்குத் தயாராகி நிற்கிறது. வாங்க வந்தவர் வெள்ளைச் சட்டைக்காரர், ஆட்டோவில் வந்தார், வண்டியைச் சுற்றி வந்தார், ஓட்டினார், பிடித்துவிட்டது, பணத்துக்காகப் பைக்குள் கையை விட்டபடி கடைசியாக என் பக்கம் திரும்பினார், மெக்கானிக்குன்னு சொன்னாவ, நீரு சொல்லும், வண்டியில பிரச்சினை ஒண்ணும் இல்லியே? இல்லை என்பதுதான் பதில், வண்டிகளைப் பற்றி நான் பொய் சொன்னதில்லை, ஆனால் பிரச்சினை ஒன்றும் இல்லை என்று முழுதாகச் சொல்ல முடியுமா, இந்தக் கடற்கரையில் எந்த வயருக்குத்தான் உப்பு ஏறாது, பாரம் இல்லாமல் ஓட்டுகிறவருக்கு முன்பும் பிரச்சினை இருந்திருக்காது, பாரத்தோடு ஓட்டுகிறவருக்குத்தான் இருந்தது, பிரச்சினை என்பது வண்டியில் இருக்கிறதா ஓட்டுகிறவரிடம் இருக்கிறதா, இப்படி ஒன்றன்பின் ஒன்றாக நான் நினைத்துக்கொண்டு நின்றேன், அலை வந்தது, போனது, வந்தது, ஜெசிந்தா என்னையே பார்த்தாள், கிளீட்டஸ் என்னைப் பார்த்தான், வெள்ளைச் சட்டைக்காரரின் கை பையிலிருந்து மெதுவாக வெளியே வந்தது, வெறுங்கை. வேண்டாம் கிளீட்டஸ், மெக்கானிக்கு வாயத் தொறக்கமாட்டங்குதாரு, அப்பம் பெரிய சங்கதியாக்கும் என்று சொல்லிவிட்டு அவர் ஆட்டோவில் ஏறிப் போய்விட்டார்.

கிளீட்டஸ் மணலில் காலை உதைத்தான், ஓய், ஒரு வார்த்தை வோய், இல்லேன்னு ஒரு வார்த்தை சொன்னா உமக்கு என்ன கொறஞ்சு போவும்? சொல்லத்தான் இருந்தேன் என்றேன், உண்மையிலேயே சொல்லத்தான் இருந்தேன், அதைக் கேட்டு வலைக்காரர் ஒருவர் சிரிக்க ஆரம்பித்தார், பிறகு பக்கத்துப் படகில் இருந்தவர்கள், பிறகு கிளீட்டஸே தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்து சிரித்தான், சரிட்டி, இந்த மனுசன் வாயத் தொறந்து ஒரு சர்ட்டிபிகேட் சொல்லுத வர வண்டி உனக்கே இருக்கட்டும், நானும் ஒரு தடவ சொன்ன சொல்லு மாத்தப் பாத்துட்டேன், மாதாவுக்கே பிடிக்கல்ல. நான் வேண்டுமென்றே பேசாமல் நின்றேனா என்று ஜெசிந்தா பிறகு பல தடவை கேட்டிருக்கிறாள், எனக்குத் தெரியவில்லை, யோசித்துக்கொண்டிருந்தேன் என்பது ஞாபகம், யோசித்து முடித்துவிட்டு இன்னும் கொஞ்ச நேரம் நின்றேனோ என்றும் தோன்றுகிறது. அன்று மொபெட்வரை கூடவே நடந்து வந்தாள், முதல் தடவையாக வழியெல்லாம் ஒன்றும் பேசாமல் வந்தாள், வாழையிலையில் பொதிந்த மீனை என் கூடையில் வைத்துவிட்டு, மெக்கானிக்கே, வேற எதும் சொல்லணுமா உங்களுக்கு என்று கேட்டாள். நான் யோசித்தேன். வெள்ளைச் சட்டைக்காரரைவிட அதிக நேரம் அவள் காத்திருந்தாள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பிறகு ஏலக்காரர் கூப்பிட்டார், அவள் சிரித்துக்கொண்டே ஓடிப்போனாள்.

அந்த வண்டி இன்னும் ஒன்பது வருடம் மீன் சுமந்தது, கடைசியில் பழைய இரும்புக்குப் போனது. கிளீட்டஸ் கத்தாருக்குப் போய்விட்டான், துறைமுகத்தில் வேலை, லீவில் வந்தால் என் கடையில் வந்து உட்காருவான். வெள்ளைச் சட்டைக்காரர் வேறு ஒரு வண்டி வாங்கினார், அது மாதம் ஒரு தடவை என்னிடம் வருகிறது. பொன்னையன் அண்ணாச்சி டீக்கடையை மூடிவிட்டு மார்த்தாண்டத்தில் மகளோடு இருக்கிறார். தங்கம்மைக்கு இப்போது கண் சரியாகத் தெரியாது, வண்டியைச் சரியாக்கியது தன்னுடைய கனம்தான் என்று இன்னும் எல்லோரிடமும் சொல்கிறாள். ஜெசிந்தா அடுத்த வருடம் வைகாசியில் முட்டத்துக்காரர் ஒருவரைக் கட்டிக்கொண்டாள், ஆரோஸ் என்று பெயர், படகு எஞ்சின் மெக்கானிக், நன்றாகப் பேசுவார், கல்யாணத்துக்கு நானும் போனேன், இரண்டு பெண் குழந்தைகள், இப்போது லோடு ஆட்டோவில் மீன் கொண்டுபோகிறார்கள், அவள்தான் ஓட்டுகிறாள். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஆரோஸ் எஞ்சின் பார்ப்பார், வயரிங்கில் கை வைக்கமாட்டார், அதை மட்டும் நான் பார்த்துக் கொடுக்கிறேன்.